செம்மறிக்குக் கஹட்ட

"…அந்த ஆடு எப்பவோ செத்துப் போயிரிக்கும். இது அதுட அக்காவாக்கும். என்னய ஏமாத்தப் பாக்காதீங்க தங்கச்சி. நான் பாத்த ஆட்டுட தாடைக்குக் கீழ பையொண்டு தொங்கிச்சி, எழும்பி நிக்கவும் ஏலாம இரிந்திச்சி. கழுத்துல தங்கச் சங்கிலி வேற," என்று பேசிக்கொண்டே கினிகத்தேனை இறைச்சிக்கடை நானா தலையைக் குனிந்து எங்கள் பட்டிக்குள் நுழைந்தார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தாடையில் பை தொங்கியது உண்மை, சங்கிலி கிடந்ததும் உண்மை. ஆனால் இது அதே ஆடுதான். நானா பட்டியைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். சேவைக்காலப் பணம் கைக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கூரைத் தகரத்தை மாற்று என்றார் வீட்டுக்காரர். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் பெரிய டிவி வாங்கச் சொன்னான். நான் செம்மறி வாங்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வருடம் வடக்கே கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, வெயிலில் ஒரு பெண் கையில் கம்புகூட இல்லாமல் முன்னால் நடந்தாள். செம்மறிக் கூட்டம் மொத்தமும் அவள் பின்னால் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாழ்நாள் முழுக்க மலையில் முன்னால் நடந்தவள்தான். ஆனால் என் பின்னால் வந்தது கங்காணியின் சத்தம் மட்டுமே. ஒரு நாலு சீவனாவது என்னை நம்பிப் பின்னால் வரட்டுமே என்று ஆசைப்பட்டேன். ஆசைக்கு அளவு ஏது.

வடக்கிலிருந்து வந்த லொறியில் ஆடுகள் இறங்கியபோது எங்கள் வரிசை வீடுகளான லயமே வேடிக்கை பார்த்தது. எங்கள் பக்கம் மாடு உண்டு, வெள்ளாடு உண்டு, செம்மறி கிடையாது. "வெயில் தின்னு வளந்த சாமானுங்க. இந்த மழையில உப்பு மூட்ட மாதிரி கரைஞ்சு போகும் பாரு," என்றார்கள். எனக்குத் துணை என் நாத்தனார் மட்டும்தான். சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள். இன்னும் வேலைக்குப் போகிறாள். ஆடுகளில் பாதி அவளுடையது, பேச்சில் முக்கால்வாசி அவளுடையது. ஒரு பழமொழி அவள் காதில் விழுந்தால் திரும்பி வரும்போது வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வரும்.

வெயில் காலம் முடியும்வரை ஒரு குறையும் இல்லை. காலையில் ஆற்றோரம் கொண்டுபோய் விடுவேன். அங்கே புல் பசேலென்று, கட்டையாக, பாய் விரித்தது போல இருக்கும். பின்பு மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை வந்தால் விருந்தாளி மாதிரி இல்லை, மருமகன் மாதிரி வந்து தங்கிவிடும். புல் இன்னும் பச்சையானது. ஆடுகள் நாள் முழுக்க மேய்ந்தன. மேய மேய மெலிந்தன. அதுதான் எனக்குப் புரியவில்லை. வயிறு நிறையத் தின்கிற ஆடு எப்படி மெலியும்?

முதலில் விழுந்தது பெரிய ஆடு. சினையாக இருந்தது. ஒரு காலையில் அதன் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீங்கித் தொங்கியது. நாத்தனார் வந்தாள், தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணி, இது பொன்னுக்கு வீங்கி."

"ஆட்டுக்கா?"

"ஏன், ஆட்டுக்குத் தாடை இல்லையா? பிள்ளைகளுக்கு வந்தா என்னா செய்றோம்? சங்கிலி போடுறோம். பொன்னக் கேட்டுத்தானே வீங்குது."

அவளைத் தடுக்க முடியவில்லை. அவளுக்கு இருந்ததே அந்த ஒரு சங்கிலிதான். அதைக் கழற்றி ஆட்டின் கழுத்தில் கட்டினாள். ஆடு தங்கத்தைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, புதுப் பெண் மாதிரி தலை குனிந்து படுத்திருந்தது.

அந்தக் கோலத்தில்தான் நானா அதை முதலில் பார்த்தார். அது நோன்புப் பெருநாள் சமயம். பெருநாளுக்கு முன்னே அவர் சின்ன லொறியோடு லயம் லயமாக ஏறி ஆடு வாங்குவார். நியாயமான மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஆட்டின் இடுப்பைத் தடவினார், காதைப் பிடித்துப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு எப்ப கலியாணம்?" என்றார்.

மற்ற ஆடுகளையும் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "பாவம் தங்கச்சி இதுகள். மழையில நனஞ்சு நனஞ்சு இப்பிடி ஆயிட்டிது. எனக்கே மனசு கேக்குதில்ல."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதாம்," என்று நாத்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓநாய்க்குக் காதும் கேக்கும் தங்கச்சி," என்றார் நானா.

பிறகு ஒரு பேச்சு வைத்தார். அடுத்த முறை தான் வரும்போது இந்தச் சினை ஆடு எழும்பி நிற்காவிட்டால் எல்லா ஆட்டையும் அவருக்கே கொடுத்துவிட வேண்டும். நின்றால், இந்த லயத்துக்கு ஆடு கேட்டு அவர் வரவே மாட்டார். "சரி நானா" என்று பதில் வந்தது. சொன்னது நானில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற என் வீட்டுக்காரர். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆடு போனால் பரவாயில்லை. மொத்தமும் போனால் பழையபடி என் பின்னால் வர ஒரு சீவனும் இல்லை.

கால்நடை அலுவலகத்துக்குப் போய் டொக்டர் மிஸ்ஸைக் கூட்டி வந்தேன். சிங்களப் பிள்ளை, சின்ன வயசு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்றி நாத்தனார் கையில் வைத்தது. பிறகு ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துக் காட்டியது. உள்ளே செம்பருத்திபோல இருக்க வேண்டிய இடம் தேங்காய்ச் சொட்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

தனக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமுமாக அந்தப் பிள்ளை விளக்கியது. வயிற்றுக்குள்ளே நூல் போன்ற புழு. அது தீனியைத் தின்பதில்லை, இரத்தத்தைக் குடிக்கிறது. இரத்தம் குறைந்தால் தாடையில் நீர் கட்டும். புழுவின் முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது, குஞ்சு பொரித்து ஈரத்தில் புல்மேல் ஏறிக் காத்திருக்கிறது. வறண்ட ஊரில் அது வெயிலில் காய்ந்து செத்துவிடும். எங்கள் ஊரில் எந்த வெயில்? நான் பாய் என்று நினைத்த கட்டைப் புல்தான் புழுவுக்குத் தொட்டில். ஆடு மேய மேய ஏன் மெலிந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"புழுக்கைன்னு பேர் வச்சவன் சும்மாவா வச்சிருக்கான்," என்றாள் நாத்தனார். "உள்ள புழு இருக்குன்னு தெரிஞ்சுதான் வச்சிருக்கான்."

மிஸ் விழுந்த ஆட்டுக்கு மருந்து கொடுத்தது. மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. சும்மா சும்மா எல்லாவற்றுக்கும் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும் என்றது. மருந்து பாதிதான், மீதி தீனி என்றது. நனைந்த கட்டைப் புல்லில் விடாதே, மரத்து இலை கொடு. மோட்டார் சைக்கிளில் ஏறி உதைத்துக்கொண்டே கடைசியாகச் சொன்னது: "கஹட்ட கொள தெண்ட. ஹொந்தட்ட கஹட்ட." அது போய்விட்டது.

இங்கேதான் எங்கள் ஊரில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு காரியம் நடந்தது. கொள என்றால் சிங்களத்தில் இலை, தெண்ட என்றால் கொடு. கஹட்ட என்றால்? ஹட்டன் பஸ் நிலையத்தில் எந்தச் சிங்களக் கடையில் போய் 'கஹட்ட' கேட்டாலும் பால் ஊற்றாத வெறும் தேத்தண்ணிதான் கொண்டுவந்து வைப்பான். ஆகவே எங்கள் இருவருக்கும் ஒன்றுதான் விளங்கியது. ஆட்டுக்குத் தேயிலை கொடுக்கச் சொல்லுகிறது மிஸ்.

"தோட்டத்துக் கொழுந்துல கை வச்சா கண்டாக்கையா நம்மள ஆட்டோட சேத்து வெளிய அனுப்பிருவாரு," என்றாள் நாத்தனார். "கடத் தூள்ல ஊத்திக் குடுப்போம். நல்லா கஹட்டன்னு சொல்லிச்சே, சாயம் கூடுதலா."

பெரிய கேத்தலில் கொதிக்க வைத்து, ஆற்றி, சட்டியில் ஊற்றி ஆட்டின் முன்னால் வைத்தோம். ஆடு முகர்ந்தது, தும்மியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாத்தனார் சீனி போட்டாள். அதற்கும் மசியவில்லை. இஞ்சி தட்டிப் போட்டாள். "இதுக்கு மேல வேணும்னா தொர பங்களாவுலதான் போய்ப் பொறக்கணும்," என்று ஆட்டைத் திட்டிவிட்டு அந்தத் தேத்தண்ணியை நாங்களே குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் தடவை மிஸ் வந்தபோது, நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மிஸ், கஹட்ட குடிக்க மாட்டேங்குது," என்றாள். அந்தப் பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. கேத்தலைக் காட்டினோம். புரிந்ததும் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. பிறகு எழுந்துபோய் வேலியோரப் பலாக்கன்றில் ஒரு முற்றிய இலையைப் பறித்து, பாதியைக் கிழித்துத் தானே கடித்தது. மீதிப் பாதியை நாத்தனார் வாயில் வைத்தது. நாத்தனார் மென்றாள். அவள் முகம் சுருங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. அவள் வாய் மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மேக்க தமய் கஹட்ட," என்றது மிஸ். இதுதான் கஹட்ட.

"துவர்ப்பு," என்றேன் நான்.

வாழைப்பூவில் இருப்பது, கொய்யாக் குருத்தில் இருப்பது, நாங்கள் ஆயுள் முழுக்கப் பறித்த தேயிலையில் இருப்பது. பால் ஊற்றினால் அது அடங்கிப்போகும். வெறுந்தண்ணியில்தான் நாக்கைப் பிடிக்கும். அதனால் சிங்களத்தில் அந்தத் தண்ணிக்கே அந்தப் பெயர். அந்தத் துவர்ப்பு வயிற்றுக்குள் போனால் புழுவுக்குப் பிடிக்காது, முட்டை போடுவதும் குறையும், ஆட்டுக்கும் தெம்பு ஏறும் என்று மிஸ் சொன்னது. இலையால் எல்லாப் புழுவும் செத்துவிடும் என்று நினைக்காதே, பெருகாமல் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னது. ஒரு சொல் விளங்கிய பிறகு எனக்கு எல்லாமே விளங்கியது மாதிரி இருந்தது.

பலா இலைக்குக் குறைவில்லை. தோட்டத்து எல்லைக்குக் கீழே சிங்களக் கிராமம். அங்கே வீட்டுக்கு வீடு பலா. கொப்பு வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள், மரத்தடிக்குப் புழுக்கை போட்டால் போதும் என்றார்கள். ஆனால் முதல் சுமை இலையை நாத்தனார் கொண்டுவந்து இறக்கியபோது பார்த்தால், எல்லாம் குருத்து. இளசாகப் பார்த்து, இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என்னாடி இது? முத்துன இலைதானே கேட்டுச்சு?"

"கை போகுது அண்ணி. மனசு முத்தல்னு சொல்லுது, கை கொழுந்துக்குத்தான் போகுது."

அவளைச் சொல்லி என்ன. முற்றிய இலை ஒன்று கூடையில் கிடந்தால் நிறுக்கிற இடத்தில் எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறோம். மறுநாள் நான் போனேன். என் கையும் அதைத்தான் செய்தது. கடைசியில் விரலை நம்பாமல் கத்தியால் கொப்போடு வெட்டப் பழகினோம். ஒருநாளும் கிடைக்காத சுகம் ஒன்று அதில் இருந்தது. முத்தலைச் சுமை சுமையாகக் கொண்டுபோகிறோம், கேட்க ஆளில்லை.

மரவள்ளி இலையும் கொடுக்கலாம், ஆனால் பச்சையாகக் கொடுத்தால் நஞ்சு, வாட்டிக் கொடு என்றது மிஸ். வாட்டுவதா? அது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய காரியமா? பாக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதை எத்தனை காலம் பார்த்திருக்கிறோம். இஸ்தோப்பில் சாக்கு விரித்து, இலையைப் பரப்பி, புரட்டிப் புரட்டிப் போட்டோம்.

இலை வந்துவிட்டது. தின்ன வேண்டுமே. வெள்ளாடு வானத்தைப் பார்க்கும், செம்மறி பூமியைப் பார்க்கும் என்பார்கள். கட்டித் தொங்கவிட்ட இலையை எங்கள் ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இலைக்கு நேர் கீழே நின்றுகொண்டு தரையில் புல் தேடின. கொத்தை முகத்துக்கு நேராக இறக்கிக் கட்டினோம். அப்போதும் இல்லை. நாத்தனார் யோசித்தாள். பக்கத்து லயத்துக்குப் போய் ஒரு வெள்ளாட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா, ஒங்களுக்கு வாத்தியார்," என்று பட்டிக்குள் விட்டாள்.

வாத்தியார் வந்த வேகத்தில் இலையைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியது. ஒரு செம்மறி பார்த்தது. இன்னொன்று பார்த்தது. ஒன்று வாய் வைத்தது. பிறகு சொல்லவா வேண்டும். ஒரு செம்மறி கிணற்றில் விழுந்தால் மற்றதும் விழும் என்று உலகம் அதைக் கேலி பேசுகிறது. நல்லதிலும் அப்படித்தான் விழும் என்பதை யாரும் பழமொழியாக்கவில்லை. விழுந்த ஆட்டுக்கு மட்டும் நான் படுக்கையிலேயே இலையை ஒவ்வொன்றாக வாயில் வைத்தேன். ஒரு மாலையில் இரண்டாவது இலையை வைப்பதற்குள் அது கழுத்தை நீட்டி என் கையிலிருந்த கொத்தையே இழுத்தது. நான் கையைக் கொடுத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பனி காயும்வரை ஆடுகளை வெளியே விடுவதில்லை. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றின் கீழ் இமையையும் இழுத்துப் பார்ப்போம். எந்தக் கண் வெளுத்திருக்கிறதோ அதற்கு மட்டும் மருந்து. நாத்தனார் இதற்குக் கண்ணுப் பெரட்டு என்று பெயர் வைத்தாள். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பெயர் வாசிப்பதற்குப் பெரட்டு என்பார்கள். நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்து நின்ற பெரட்டு அது. இங்கே நாங்கள் கங்காணி.

பெரிய ஆட்டின் தாடைப் பை வற்றியது. முன்னங்காலை ஊன்றியது, பின்னங்காலை ஊன்றியது, ஒரு நாள் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது வாசலில் நின்றது. அன்று நான் லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன், ஆகையால் எல்லாருக்கும் தெரிந்தது. மழை குறைந்த பிறகு அது குட்டியும் போட்டது. மிஸ் புழுக்கையைப் பையில் கட்டிக்கொண்டு போய்ப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, முன்பெல்லாம் முட்டை கண்ணை நிறைத்தது, இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பியது. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று ஒரு பரீட்சை பாஸானவள் மாதிரிதான் நடந்தேன். பக்கத்து லயங்களில் வெள்ளாடு வைத்திருப்பவர்கள் வந்து இமையை இழுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டுக்காரர் பலாக்கொப்பு சுமக்கத் தொடங்கினார், கேட்காமலே.

இதற்குள் நானா பட்டியைச் சுற்றிப் பார்த்து முடித்திருப்பார்.

முடித்திருந்தார். பெரிய ஆட்டின் இடுப்பைத் தடவினார், முதுகெலும்பு கைக்கு அகப்படவில்லை. காதைப் பிடித்தார். முள்ளுக்கம்பியில் கிழிந்த பழைய தழும்பு விரலில் பட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழிசல் இரிக்கி," என்றார் மெதுவாக. "அதே ஆடுதான்." குட்டி அவர் சாரத்தை முகர்ந்தது. "என்ன மருந்து குடுத்தீங்க?"

"கஹட்ட," என்றாள் நாத்தனார்.

"எனக்குத் தேத்தண்ணி வாணாம் தங்கச்சி, இப்பத்தான் குடிச்சிட்டு வந்த. மருந்தச் செல்லுங்க."

நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். புழுவும் புல்லும் பலா இலையும், எதற்கு மருந்து, எதற்கு வேண்டாம் என்பதும். பேசிக்கொண்டே போகும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் குறுக்கே பேசவில்லை. இருபது வருடம் ஆடு வெட்டுகிறவர், வயிற்றைக் கிழிக்கும்போது அந்தப் புழுவைப் பார்த்திருப்பதாக மட்டும் சொன்னார். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் மாதிரி இருக்கும் என்றார்.

"நின்னுச்சுன்னா இந்த லயத்துக்கு ஆடு கேட்டு வரமாட்டேன்னு சொன்னீங்களே நானா," என்றாள் நாத்தனார்.

"இப்பவும் ஆடு கேட்டு வரல்ல."

"அப்ப என்னாத்துக்கு வந்தீங்க?"

"ஆடு நிண்டிச்சா இல்லையாண்டு பாக்க. ஊரெல்லாம் கதைக்கிறாங்க." அவர் தொண்டையைச் செருமினார். "எங்கட வீட்டுல ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் அறுக்க எண்டு ஒரு கடா வாங்கின. நான்தான் தெரிவு செஞ்ச. எத்தன ஆடு பாத்த கை இது. இப்ப அது தலையத் தொங்கப் போட்டுட்டிது. நோய் ஆட்ட குர்பான் குடுக்கக் கூடாது. வெட்டி விக்கவும் மனசில்ல, புள்ளைகள் பேர் வச்சிட்டாங்க. பெருநாளுக்கு இன்னும் நாள் இரிக்கி."

நாங்கள் ஒன்றும் சொல்வதற்குள் அவர் லொறிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். கடா தானாக இறங்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். பட்டித் தூணில் கயிற்றைக் கட்டினார். தொங்கிய பலாக்கொத்திலிருந்து ஒரு கொப்பை உடைத்தார். குந்தி உட்கார்ந்து, அதைக் கடாவின் வாய்க்கு நேராக நீட்டி, அது வாய் வைக்கும்வரை கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.